ஒரே கூரையின் கீழ் இரு மிஹ்ராபுகள்

திஃப்லிஸ் நகருக்கு மூன்று நாள் பயணம் செல்வோருக்குச் சில குறிப்புகள்

அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு 'திஃப்லீஸ்' என்ற பெயர் புதிதல்ல. பலாதுரீயின் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலிலும் யாகூத் அல்ஹமவீயின் 'முஃஜமுல் புல்தான்' என்ற ஊரகராதியிலும் அந்த நகரம் வருகிறது. 'அத்திஃப்லீஸீ' என்று முடியும் பெயருடைய அறிஞர்களும் இருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுபைஷ் அத்திஃப்லீஸீ அவர்களில் ஒருவர். மருத்துவத்திலும் கனவு விளக்கத்திலும் பாரசீக மொழியில் நூல்கள் எழுதியவர் அவர்.

அந்தத் திஃப்லிஸ்தான் இன்று திபிலிசி என்று அழைக்கப்படுகிறது. கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடையே, கவ்காஸ் மலைகளின் தென்புறத்தில் உள்ள ஜோர்ஜியா நாட்டின் தலைநகரம். 1936இல்தான் 'திஃப்லிஸ்' என்ற பெயர் உத்தியோகபூர்வமாக மாற்றப்பட்டது. நம் நாட்டவர் பலர் தொழில் புரியும் துபாய், ஷார்ஜா, தோஹா போன்ற நகரங்களிலிருந்து சுமார் மூன்றரை மணித்தியாலத்தில் அங்கு பறந்து விடலாம். எனவே வளைகுடாவில் குடும்பத்தோடு வாழ்கின்ற நம்மவர்கள் பெருநாள் விடுமுறைகளில் அங்கு போய்வருவது இப்போது சாதாரணமாகி விட்டது.

போகிறவர்கள் பெரும்பாலும் பனிமலையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் தவறேதுமில்லை. பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் ஏறத்தாழ 400 வருடங்கள் முஸ்லிம் அமீர்களின் ஆட்சியில் இருந்த ஒரு நகரத்துக்குப் போய், அதன் கதையை அறியாமல் திரும்புவது நஷ்டமல்லவா? பூமியில் பயணம் செய்து முன் சென்றோரின் முடிவைக் கவனிக்கும்படி அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அந்த நோக்கத்தையும் சேர்த்துக்கொண்டு, மூன்று நாட்களை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இங்கு பார்ப்போம்.

வெந்நீர் ஊற்றில் பிறந்த நகரம்

5ஆம் நூற்றாண்டில் வக்தாங் கோர்கசாலி என்ற மன்னன் வேட்டைக்குச் சென்றான். அவனுடைய இராஜாளி ஒரு காட்டுக்கோழியைப் பிடித்தது. இரண்டு பறவைகளும் ஒரு வெந்நீர் ஊற்றில் விழுந்து போயின. அந்த ஊற்றைக் கண்டு வியந்த மன்னன் அங்கேயே நகரம் அமைக்கக் கட்டளையிட்டான். இப்படி ஒரு கதையை ஜோர்ஜியர் சொல்வார்கள். கதை எப்படியிருப்பினும் பெயர் அதற்குப் பொருத்தமானது. ஜோர்ஜிய மொழியில் 'த்பிலி' என்றால் வெதுவெதுப்பு என்று பொருள். அந்தக் கந்தக ஊற்றுகள் இன்றும் வற்றவில்லை.

7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹபீப் இப்னு மஸ்லமா அல்ஃபிஹ்ரீயின் தலைமையில் முஸ்லிம் படை அங்கு சென்றது. அவர் திஃப்லிஸ் மக்களுக்கு எழுதிக்கொடுத்த பாதுகாப்புப் பத்திரத்தைப் பலாதுரீ பதிந்துள்ளார். வீடொன்றுக்கு ஒரு தீனார் வரி செலுத்துவதற்குப் பகரமாக அம்மக்களின் உயிருக்கும், ஆலயங்களுக்கும், மடங்களுக்கும், வழிபாட்டுக்கும் அதில் பாதுகாப்பு உறுதி செய்யப்படுகிறது. வாசகர்கள் இந்தப் பத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நகரத்தின் கதையே கொடுத்த வாக்கைக் காப்பதும் மீறுவதுமாகச் செல்வதுதான்.

8ஆம் நூற்றாண்டில் மர்வான் இப்னு முஹம்மத் நடத்திய கடுமையான படையெடுப்பின் பின்னர் திஃப்லிஸ் ஓர் அமீரகத்தின் தலைநகரமானது. அங்கு அரபு எழுத்துப் பொறித்த திர்ஹம் நாணயங்கள் அச்சிடப்பட்டன. வர்த்தகம் வளர்ந்தது. ஆனால் 853இல் அப்பாஸிய கலீஃபா முதவக்கில் அனுப்பிய தளபதி புகா, தன்னிச்சையாக ஆட்சி செய்த அமீர் இஸ்ஹாக் இப்னு இஸ்மாயீலை ஒடுக்க வந்து நகரத்துக்கே தீ வைத்தார். வீடுகள் பெரும்பாலும் மரத்தாலானவை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முஸ்லிம் நகரமொன்றை எரித்தது முஸ்லிம் படையே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1122இல் ஜோர்ஜிய மன்னன் நான்காம் தாவீத் நகரைக் கைப்பற்றினான். முதல் நாட்களில் கொள்ளையும் கொலையும் நடந்தன. அதன் பின்னர் அவன் முஸ்லிம்களுக்கு அபயமளித்தான். அல்ஃபாரிகீ என்ற முஸ்லிம் வரலாற்றாசிரியர் சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு அந்நகருக்குச் சென்று, தாவீதின் மகனான திமெத்ரி மன்னனிடம் பணிபுரிந்தவர். முஸ்லிம்களின் பகுதியில் பன்றி அறுக்கக் கூடாது, பாங்கும் தொழுகையும் பகிரங்கமாக நடைபெறலாம், அவர்களின் குளியலறைகளில் வேற்று மதத்தவர் நுழைந்து இடைஞ்சல் செய்யக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் தம் காலத்திலும் காக்கப்பட்டதை அவர் எழுதியுள்ளார். கிறிஸ்தவ மன்னன் வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசலுக்கு வந்து, கதீபுக்கு எதிரே அமர்ந்து குத்பாவைக் கேட்டதையும் அவர் கண்ணால் கண்டு குறிப்பிடுகிறார்.

ஹபீபின் பத்திரமும் தாவீதின் அபயமும் ஏறத்தாழ 500 வருட இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் நாம் கொடுத்த பாதுகாப்பு, பிறிதொரு காலத்தில் நமக்குத் தேவைப்பட்டது. சிறுபான்மையாக வாழும் சமூகமொன்றுக்கு இதைவிடப் பெரிய பாடம் எது?

பின்னர் 1226இல் குவாரஸ்ம் ஷா ஜலாலுத்தீனும், 1795இல் ஈரானிய மன்னன் ஆகா முஹம்மத் கானும் நகரைச் சூறையாடினர். 1801இல் ரஷ்யா ஜோர்ஜியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1918இல் குடியரசாகி, 1921இல் செஞ்சேனையால் பிடிக்கப்பட்டு, 1991இல் மீண்டும் சுதந்திரம் பெற்றது. இத்தனை அழிவுகளின் பின்னர் எஞ்சியதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

எப்போது போவது?

ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களும் மிக நல்லவை. ஜூலை, ஓகஸ்டில் வெயில் 30 பாகையைத் தாண்டும். ஜனவரியில் குளிர் பூச்சியத்தை அண்மிக்கும். குளிருக்குப் பழகாத நம் பிள்ளைகளுக்கு உள்ளுக்கொன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு அடுக்கு உடை அவசியம்.

வீசா விடயத்தில் அவசரம் கூடாது. வளைகுடா நாடுகளின் செல்லுபடியான வதிவிட அனுமதி வைத்திருப்போருக்கு ஜோர்ஜியா சலுகை அளித்து வந்துள்ளது. ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கட் வாங்குமுன் ஜோர்ஜிய அரசாங்கத்தின் அறிவித்தலைப் பாருங்கள். இலங்கையிலிருந்து நேரே செல்வோரும் அவ்வாறே விசாரித்துக்கொள்ள வேண்டும். தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கட், பயணக் காப்புறுதி ஆகியவற்றை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது நல்லது. எல்லை அதிகாரி கேட்கும்போது தொலைபேசியைத் தட்டித் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அங்குள்ள நாணயம் லாரி. டொலர் கொண்டுபோய், விமான நிலையத்தில் முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை நகரத்தில் மாற்றலாம். விமான நிலையத்திலிருந்து 337ஆம் இலக்க பஸ் நகருக்குச் செல்கிறது. குடும்பமும் பொதிகளும் இருந்தால், கட்டணத்தை முன்கூட்டியே காட்டும் தொலைபேசிச் செயலி மூலம் டாக்ஸி அழைப்பதே மேல். வெளியில் நின்று கூவி அழைப்பவர்களிடம் பேரம் பேசி மனக்கசப்படைய வேண்டாம்.

தங்குமிடத்தைப் பழைய நகரத்திலோ, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அவ்லாபாரி பகுதியிலோ தெரிவு செய்யுங்கள். பழைய வீடுகள் அழகானவை. ஆனால் பலவற்றில் மின்தூக்கி இல்லை, பாதைகள் கல் பதித்த ஏற்றங்கள். உம்மா, வாப்பாவையும் அழைத்துச் செல்பவர்கள் எத்தனையாம் மாடி என்று கேட்டுவிட்டே பணம் செலுத்த வேண்டும்.

முதல் நாள்: அரை நாள் நடையில் ஆயிரம் வருடம்

முதல் நாளை முழுவதும் பழைய நகருக்கே கொடுத்து விடுங்கள். தூரம் மிகக் குறைவு. ஆனால் ஆறுதலாகப் பார்க்க வேண்டிய இடம்.

காலையில் மெத்தேக்கிப் பாறையில் தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டு ஆலயமும், குதிரை மேல் அமர்ந்த வக்தாங் மன்னனின் சிலையும் அங்கு உள்ளன. கீழே ம்த்க்வாரி ஆறு ஓடுகிறது. அரபு நூல்களில் 'அல்குர்' என்று வருவது இந்த ஆறுதான். அக்கரையில் பார்த்தால் தரையோடு தரையாகச் செங்கல் குவிமாடங்கள் தெரியும். அவை கந்தகக் குளியலறைகள். அவற்றுக்கு மேலே பள்ளிவாசலின் மனாரா. அதற்கும் மேலே மலையுச்சியில் நாரிகலா கோட்டை. நகரத்தின் முழு வரலாறும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

இனிப் பாலத்தைக் கடக்க வேண்டும். கடக்கும்போது சற்று நின்று சிந்தியுங்கள். இப்பாலத்தருகே 16ஆம் நூற்றாண்டில் ஈரானிய ஸஃபவீ மன்னர்கள் காலத்தில் கட்டப்பட்ட நீல ஓட்டுப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. ஷீஆக்கள் அதில் தொழுது வந்தனர். 1951இல் சோவியத் ஆட்சி, புதிய பாலம் கட்டுவதற்காக அதை இடித்துத் தள்ளியது. இன்று அங்கு வாகனங்கள் ஓடுகின்றன. பள்ளிவாசல் இருந்ததற்கு ஓர் அடையாளமும் நம் கண்ணில் படுவதில்லை.

பாலத்துக்கு அப்பால் மெய்தான் சதுக்கம். 'மைதான்' என்ற சொல்தான். ஒரு காலத்தில் ஒட்டகக் கூட்டங்கள் வந்து இறங்கிய சந்தை. இதைச் சுற்றி நடந்து போகக்கூடிய தூரத்தில் ஜோர்ஜியரின் சியோனி பேராலயம், ஆர்மீனியரின் ஆலயம், யூதர்களின் பெரிய ஜெபாலயம், நம் பள்ளிவாசல் ஆகிய எல்லாம் இருக்கின்றன. நெருப்பு வணங்கிகளின் பழைய கோயிலொன்றின் எச்சமும் மலைச்சரிவில் உண்டு.

குளியலறைகளைத் தாண்டி ஏற்றத்தில் சற்று நடந்தால் ஜுமுஆப் பள்ளிவாசலை அடையலாம். செந்நிறச் செங்கற் கட்டடம், எட்டுப் பட்டை மனாரா. இப்போதுள்ள கட்டடம் 1895இல் எழுந்தது. உள்ளே நீல வண்ண அலங்காரமும் அரபு எழுத்தணியும் கண்ணைக் கவரும். ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டியது கிப்லாச் சுவரை. அங்கே இரண்டு மிஹ்ராபுகள் இருக்கின்றன.

1951இல் தமது பள்ளிவாசல் இடிக்கப்பட்டபோது ஷீஆக்களுக்குத் தொழ இடமில்லாமல் போயிற்று. ஸுன்னிகள் தம் பள்ளிவாசலின் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நீண்ட காலம் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கறுப்புத் திரை தொங்கியது. 1990களில் அந்தத் திரையும் அகற்றப்பட்டது. இன்று ஒரே கூரையின் கீழ் இரு சாராரும் தொழுகிறார்கள்.

கருத்து வேறுபாடுகள் அங்கு மறைந்துவிட்டன என்று யாரும் சொல்லவில்லை. மிஹ்ராபுகள் இரண்டாகவே இருக்கின்றன. அவரவர் முறையில் அவரவர் தொழுகிறார்கள். ஆனால் மார்க்கமே வேண்டாம் என்ற ஆட்சி ஒரு வீட்டை இடித்தபோது, அடுத்த வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கவில்லை. சுன்னத்தான ஒரு காரியத்திலுள்ள அபிப்பிராய பேதத்துக்காக ஒரே தெருவில் இரண்டாவது பள்ளிவாசல் எழுவதைக் காணும் நமக்கு, இந்த இரண்டு மிஹ்ராபுகளும் எதையோ சொல்கின்றன. பிள்ளைகளை அவற்றின் முன் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள். பனிமலையை அவர்கள் மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

பள்ளிவாசலுக்குச் செல்லும்போது வுழூச் செய்துகொண்டு, கண்ணியமான உடையில் செல்லுங்கள். பெண்கள் தமக்குரிய இடத்தைக் கேட்டறிந்து நுழையட்டும். தொழுபவர்களைப் படம் எடுப்பது நல்ல பழக்கமன்று.

பள்ளிவாசலுக்கு மேலே தாவரவியல் பூங்கா இருக்கிறது. முன்னைய முஸ்லிம் மையவாடியின் ஒரு பகுதி இப்பூங்காவுக்குள் அடங்கியுள்ளது. 1878இல் காலமான அஸர்பைஜானிய எழுத்தாளர் மிர்ஸா ஃபத்அலி அகுந்தோவின் கப்ரும் அங்கு உண்டு. நாரிகலா கோட்டைக்குச் செல்ல ஆற்றோரத்து ரைக்கே பூங்காவிலிருந்து கேபிள் கார் ஓடுகிறது. உமையாக்கள் காலத்தில் விரிவாக்கப்பட்ட கோட்டை அது. 1827இல் அதன் பெரும்பகுதி சிதைந்தது. உட்பகுதி திருத்த வேலைகளுக்காக மூடப்படுவதுண்டு. மூடியிருந்தாலும் அங்கிருந்து நகரைப் பார்ப்பதே போதுமானது. முழங்கால் வலியுள்ளவர்கள் கேபிள் காரில் ஏறி அதிலேயே இறங்கிக் கொள்வது நல்லது.

இரண்டாம் நாள்: ருஸ்தாவெலி வீதி

இரண்டாம் நாளைப் புதிய நகருக்கு ஒதுக்கலாம். சுதந்திர சதுக்கத்திலிருந்து தொடங்கும் பெருவீதிக்கு, 12ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த கவிஞர் ஷோத்தா ருஸ்தாவெலியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஜோர்ஜியர் உயிராக மதிக்கும் அவருடைய காவியம் புலித்தோல் அணிந்த வீரனைப் பற்றியது. அதன் கதை தொடங்குவது அரபு நாட்டு மன்னன் ஒருவனின் அரண்மனையில். புலித்தோல் அணிந்தவனோ ஓர் இந்திய இளவரசன். அயலவரோடு எத்தனை போர்கள் நடந்தாலும், அவர்களை உயர்ந்த மனிதர்களாகப் பாட அந்தக் கவிஞருக்கு மனம் இருந்திருக்கிறது.

இவ்வீதியிலுள்ள தேசிய நூதனசாலையின் பழங்காலப் பொன் அணிகள் புகழ்பெற்றவை. திங்கட்கிழமைகளில் நூதனசாலை மூடப்படும். திருத்த வேலைகள் நடக்கின்றனவா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். அரபு, பாரசீக, துருக்கிக் கையெழுத்துப் பிரதிகளையும் பாதுகாக்கும் தேசிய கையெழுத்துப் பிரதிகள் நிலையமும் இந்நகரில்தான் உள்ளது. கிதாபுகளில் ஆர்வமுள்ளோர் அங்கு கண்காட்சி ஏதும் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பாராளுமன்றக் கட்டடமும் இதே வீதியில்தான். 2024 இறுதியிலிருந்து அதன் முன்னால் அரசியல் ஆர்ப்பாட்டங்கள் நடந்து வந்துள்ளன. கூட்டம் தெரிந்தால் வேறு பாதையில் திரும்பி விடுங்கள். விருந்தாளிக்கு அதில் வேலையில்லை.

மாலையில் ம்தாத்ஸ்மிந்தா மலைக்கு ஏறும் கயிற்றிழுவை ரயிலில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 1905இல் தொடங்கப்பட்ட சேவை அது. மேலே விளையாட்டுப் பூங்கா உண்டு. இருட்டியதும் நகரத்தின் விளக்குகள் கீழே தெரியும்.

மூன்றாம் நாள்: பழைய தலைநகரம்

மூன்றாம் நாள் காலையில், சுமார் 20 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ம்த்ஸ்கெத்தா என்ற ஊருக்குப் போய்வரலாம். வெந்நீர் ஊற்றைத் தேடி மன்னர்கள் வருமுன் இதுவே தலைநகரமாக இருந்தது. இரண்டு ஆறுகள் கலக்குமிடத்தில் அமைந்த அழகான சிற்றூர். திதுபே மெட்ரோ நிலையத்தருகிலிருந்து சிறு வேன்கள் ஓடுகின்றன. 11ஆம் நூற்றாண்டின் பேராலயமும், எதிர்மலையில் அதைவிடப் பழைய ஜ்வாரி ஆலயமும் 1994 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளன.

வரலாற்றுக் கட்டடங்களை வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதா, உள்ளே செல்வதா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். செல்பவர்கள் வழிபாடு நடக்கும் நேரத்தைத் தவிர்த்து மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும். அங்குள்ள ஆலயங்களில் ஜோர்ஜியப் பெண்கள் தலையை மூடிக்கொண்டே நுழைகிறார்கள். எனவே நம் பெண்களின் முக்காடு அங்கு யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது.

சாப்பாட்டு விடயம்

ஜோர்ஜியா வைன் நாடு. விருந்தாளியை இறைவன் அனுப்பியவனாகக் கருதுவது அவர்களின் வழக்கம். வீட்டுக்காரர் கிண்ணத்தோடு வந்து நீட்டினால் அதில் தீய எண்ணம் இல்லை. நெஞ்சில் கை வைத்து, சிரித்த முகத்தோடு மறுத்துவிட்டால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். 'மத்லோபா' என்றால் நன்றி. 'அர் மிந்தா' என்றால் வேண்டாம். பழங்களைக் காய்ச்சிய 'கொம்போத்' என்ற பானத்தைக் கேட்டு வாங்கலாம்.

பன்றி இறைச்சியை 'கோரிஸ் கோர்த்ஸி' என்பார்கள். இந்தச் சொல்லை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். 'கின்காலி' என்ற கொழுக்கட்டை போன்ற உணவில் மாட்டிறைச்சியோடு பன்றியையும் கலந்து அரைப்பது வழக்கம். உருளைக்கிழங்கு அல்லது சீஸ் வைத்த கின்காலியும் கிடைக்கும். அவரை விதை வைத்த 'லோபியானி' ரொட்டியிலும், 'ராச்சுலி' என்ற வகையில் பன்றி சேர்க்கப்படுவதுண்டு.

கவலைப்படத் தேவையில்லை. இறைச்சியில்லாத உணவு அங்கு ஏராளம். சீஸ் ரொட்டியான 'கச்சாபுரி', அக்ரூட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய், கீரை உருண்டைகள், தயிர் போன்ற 'மத்ஸோனி', மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் நீண்ட ரொட்டி எல்லாம் பிள்ளைகளும் விரும்பி உண்பவை. கடைகளில் மெழுகுதிரி போலத் தொங்குவது 'சுர்ச்சுகேலா'. அக்ரூட்டை நூலில் கோத்து, மாவுடன் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்துக் காயவைப்பார்கள்.

இறைச்சி உண்ண விரும்புவோர், பள்ளிவாசலை அண்டிய பகுதியிலும் ஆற்றுக்கு அக்கரையில் அக்மஷெனெபெலி வீதியிலும் உள்ள துருக்கிய, அரபு, அஸர்பைஜானிய உணவகங்களில் விசாரிக்கலாம். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், ஹலாலா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அங்கேயும் மதுபானம் பரிமாறப்படலாம்.

கந்தகக் குளியல்

பொதுக் குளியலறைகளில் ஆடையின்றிக் குளிப்பது அங்குள்ள வழக்கம். அவ்ரத்தைப் பேணும் நமக்கு அது பொருந்தாது. மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடப்படும் தனி அறைகள் உண்டு. அவற்றைக் குடும்பத்துக்கென முன்பதிவு செய்துகொள்ளலாம். தேய்த்துவிடும் பணியாளர் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லி விடுங்கள்.

நீர் 40 பாகையளவு சூடாக இருக்கும். முட்டை அழுகியது போன்ற வாடை சில நிமிடங்களில் பழகிவிடும். வெள்ளி மோதிரம், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி வைத்துச் செல்லுங்கள். கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும். கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

தொழுகை

மூன்று நாள் பயணத்துக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தவரே முஸாஃபிர் என்ற நிலையை இழக்கிறார். எனவே மூன்று நாள் தங்குபவர் கஸ்ர், ஜம்உ ஆகிய சலுகைகளைப் பயன்படுத்தலாம். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டால் பிற்பகல் முழுவதும் நடைக்குக் கிடைக்கும். குளிர் காலத்தில் தோல் காலுறை அணிவோருக்கு, முஸாஃபிருக்கு மூன்று நாள் மஸ்ஹுச் சலுகை இருப்பதும் நினைவிருக்கட்டும்.

அங்கு நேரம் இலங்கையைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. கிப்லா அநேகமாகத் தெற்கு, சிறிதளவு மேற்காகச் சாய்ந்தது. வடமேற்குப் பக்கம் திரும்பித் தொழுது பழகிய நாம் அங்கு பழக்கத்தில் நின்றுவிடக் கூடாது. ஜூன் மாதத்தில் சூரியன் இரவு 8.40 அளவில் மறைகிறது. இஷாவுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். டிசம்பரில் காலை 8.20 அளவில்தான் உதயம், மாலை 5.30க்கெல்லாம் மஃரிப். கழிப்பறைகளில் நீர்க்குழாய் இல்லாதிருக்கலாம். கைப்பையில் ஒரு வெற்றுப் போத்தல் வைத்துக்கொண்டால் சிரமமில்லை.

திரும்பும்போது

2014 குடிசன மதிப்பின்படி ஜோர்ஜியாவின் மக்களில் 10.7 சதவீதத்தினர் முஸ்லிம்கள். தலைநகரில் நம் அமீர்களின் மாளிகைகள் இல்லை, நீலப் பள்ளிவாசலும் இல்லை. கோட்டையும் பாதி இடிந்துவிட்டது. வாளால் பெற்றதெல்லாம் வாளால் போயிற்று. எஞ்சி நிற்பது, இடமில்லாதவருக்கு இடங்கொடுத்த ஒரு செங்கற் பள்ளிவாசல் மட்டுமே.

இன்ஷா அல்லாஹ், போகக் கிடைப்பவர்கள் மூன்று நாளில் ஒரு வக்த்தையாவது அந்தப் பள்ளிவாசலில் தொழுங்கள். பக்கத்தில் நிற்பவர் யார், எந்தச் சாரார் என்று பாராமல் ஸலாம் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியதும், படங்களைக் காட்டும்போது அந்த இரு மிஹ்ராபுகளின் கதையையும் நம்மவர்களுக்குச் சொல்லுங்கள்.